கல்லில் தும்பி: அடையாளமும் உண்மையும்



இரண்டு கேள்விகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு கல்லில் செட்டை போன்ற பதிவு தெரிகிறது. அது தும்பிதானா, தும்பியென்றால் எந்த வகை என்பது முதற்கேள்வி. அந்தக் கல் இயற்கையாக அமைந்ததா, யாரேனும் செய்து வைத்ததா என்பது இரண்டாவது. கைத்தொலைபேசியில் ஒரு விற்பனைப் படத்தைக் காட்டி, "சேர், இது ஒறிஜினலா?" என்று மாணவர்கள் கேட்பது இரண்டாவதைத்தான். முதற்கேள்விக்கு விடை தேடப் பழகாதவரால் இரண்டாவதற்கு விடை சொல்ல இயலாது என்பது என் உறுதியான எண்ணம். செட்டையின் நரம்பு, அதைத் தாங்கும் கல், அந்தக் கல் கிடந்த இடம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துச் சாட்சி சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் விடையைத் தள்ளி வைக்க வேண்டும்.

இதைப் பேச இந்தப் புத்தளம் மாவட்டத்தைப் போலப் பொருத்தமான இடம் இலங்கையில் குறைவு. அநுராதபுரம் வீதியில் போகும்போது தப்போவக் குளத்தை எல்லோரும் கடந்திருப்பீர்கள். நாட்டின் பெரும்பகுதி பழைய கடும்பாறை. அந்தப் பாறை உடைந்து கீழிறங்கிய ஒரு பள்ளத்தில், மணற்கல்லும் வண்டற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காக இங்கே தங்கியிருக்கின்றன. தெற்கே ஆண்டிகமவிலும் பள்ளமவிலும் இதே குடும்பத்துப் படிவுகள் உண்டு. கனிப்பொருள் அளவைப் பணியில் இருந்த ஈ. ஜே. வேலண்ட் தப்போவயை ஆராய்ந்தார். அங்கிருந்து போன இலைப் பதிவுகளைக் கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் சீவர்டும் அவருடைய இளம் உதவியாளர் ஹோல்ட்டமும் 1922இல் விவரித்து, யுராசிக் காலத்துத் தாவரங்கள் என்று எழுதினார்கள். பிற்காலத்தில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த ஹோல்ட்டம் இவர்தான். பன்னங்களும் சைக்கஸ் போன்ற இலைகளும் ஊசியிலை மரக் கிளைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தப்போவ என்றால் யுராசிக் என்றே படித்தோம். 2018இல் எதிரிசூரிய, தர்மகுணவர்தன, சுவீடன் நூதனசாலையின் மக்லொக்லின் ஆகிய மூவரும் அதே தப்போவப் பள்ளத்திலிருந்து குளோசொப்டெரிஸ் இலைகளை அறிவித்தார்கள். இலங்கையில் இத்தாவரக் கூட்டத்தின் முதற்பதிவு அது. குளோசொப்டெரிஸ் பெர்மியன் காலத்துக்கு உரியது. வயது ஏறத்தாழ 25 கோடி ஆண்டு. இந்தியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, தென்னமெரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் நம்மோடு ஒட்டிக் கிடந்த கொண்ட்வானாப் பெருநிலத்தின் அடையாள மரம். ஓர் இலை ஒரு படிவின் வயதைப் பல கோடி ஆண்டுகள் பின்னோக்கித் தள்ளியது. இலை கிடைத்த இடம் சரியாகக் குறிக்கப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது.

இனிக் கரைப்பக்கம் வாருங்கள். வண்ணாத்திவில்லுக்கு அப்பால் அருவக்காட்டில் செம்மண்ணுக்குக் கீழே கிடப்பது மயோசின் காலக் கடற்சுண்ணக்கல். சீமெந்துக்காகப் பாலாவிக்கு ரயிலில் போவது அந்தக் கல்தான். வேலண்டும் டேவிஸும் 1923இல் இலங்கையின் மயோசின் படிவுகளைப் பற்றி எழுதினார்கள். பின்னர் தேசிய நூதனசாலையின் பீ. ஈ. பீ. தெரணியகல இங்கிருந்து கடல் விலங்குகளின் எச்சங்களைச் சேர்த்து விவரித்தார். சிப்பிகள், சுறாப் பற்கள், கடற்பசு எலும்புகள் எனக் கடல்வாழ்வின் கல் இது. கேரளத்துக் கொல்லத்துப் படிவுகளில் முதலில் விவரிக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரின் ஓடு நம்முடைய மயோசின் சுண்ணக்கல்லிலும் காணப்படுவதால், இரு கரைகளும் அன்று ஒரே இளஞ்சூட்டு ஆழமற்ற கடலின் ஓரங்களாக இருந்தன என்று அறிகிறோம்.

ஒரே மாவட்டத்தில் இரண்டு கற்கள். "இதில் தும்பி கிடைக்குமா?" என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு விடை தரும். தும்பியின் செட்டை மிக மெல்லியது. அது கல்லில் பதிய வேண்டுமானால் மாவைப்போல நுண்ணிய வண்டல் வேண்டும், அசையாத நீர் வேண்டும், விழுந்ததை இழுத்துத் தின்னும் உயிர்கள் இல்லாதிருக்க வேண்டும். அலை புரட்டிய சிப்பித்துண்டுகள் நிறைந்த அருவக்காட்டுக் கல்லில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. யாராவது ஒருவர் சிப்பி நிறைந்த கரடுமுரடான சுண்ணக்கல்லில் நான்கு செட்டையும் விரித்த தும்பியைக் கொண்டுவந்து அருவக்காட்டில் எடுத்தேன் என்றால், செட்டையைப் பார்க்கும் முன்பே நான் கல்லைச் சந்தேகிப்பேன். தப்போவயின் மெல்லடுக்குக் களிக்கல்லென்றால் பொறுமையாகக் கேட்பேன்.

சுண்ணக்கல் என்பதாலேயே தள்ளிவிடவும் கூடாது. ஜேர்மனியின் சோல்ன்ஹோஃபன் கல்லும் சுண்ணக்கல்தான். ஏறத்தாழ 15 கோடி ஆண்டு வயது. உலகின் மிக அழகான உயிர்ச்சுவட்டுத் தும்பிகள் பல அங்கிருந்தே வந்தன. அது கடலிலிருந்து பிரிந்து கிடந்த களப்புகளின் அடியில் படிந்த நுண்சேறு. அடிநீர் உவர்ப்பேறி உயிரற்றுப் போயிருந்தது. காற்றில் அடிபட்டு விழுந்த தும்பி அங்கே கலைக்கப்படாமல் கிடந்தது. இதை விளங்கிக்கொள்ள ஜேர்மனிக்குப் போகத் தேவையில்லை. பாலாவிப் பக்கத்து உப்பளத்தில், நீர் நன்றாகச் செறிந்த பாத்தியின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். காற்றில் வந்து விழுந்த பூச்சி செட்டை நீரில் ஒட்டியபடி கிடக்கும். அதைக் கொத்த மீனில்லை, இழுக்க நண்டில்லை. சில நாளில் உப்பு அதன்மேல் படிகிறது. உயிர்ச்சுவடாவதன் முதற்படியை உப்பளத் தொழிலாளி நம் எல்லோருக்கும் முன்பே பார்த்திருக்கிறார்.

இனி நரம்புக்கு வருகிறேன். இதுதான் என் பேச்சின் கனமான பகுதி. மாணவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும்.

வடகீழ்ப் பருவக்காற்றோடு இந்தக் கரைக்குத் திரளாக வரும் மஞ்சள் தும்பியை உங்களுக்குத் தெரியும். பன்டாலா ஃபிளவெசன்ஸ் என்பது அதன் அறிவியற்பெயர். மாலைதீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்ள்ஸ் அண்டர்சன், இந்தியாவிலிருந்து இந்துமாக்கடலைக் கடந்து ஆபிரிக்கா வரை இது போய்த் திரும்புகிறது என்று 2009இல் எழுதினார். விறாந்தையில் செத்துக் கிடக்கும் ஒன்றை எடுத்து, ஒரு செட்டையைக் கழற்றி, வெள்ளைத் தாளில் வைத்து, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பாருங்கள். முன்னோரத்தின் நடுப்பகுதியில் ஒரு முறிவு தெரியும். தடித்த குறுக்கு நரம்பொன்று அங்கே ஓரத்தைப் பிணைத்திருக்கும். அதைக் கணு என்போம். நுனிக்கு அருகே நிறமுள்ள நீண்ட சிறு கட்டம் சிறகுப்பொட்டு. அடிப்பகுதியில் மூன்று பக்கமுள்ள ஓர் அறை முக்கோணம்.

அந்த முக்கோணத்தில் நெடுநேரம் நிற்கலாம். பன்டாலாவின் குடும்பத்தில் முன்செட்டையின் முக்கோணம் செட்டைக்குக் குறுக்காக நிற்கும். பின்செட்டையின் முக்கோணம் செட்டையின் நீளவாக்கில் கிடக்கும். ஏஷ்னா குடும்பத்துப் பெருந்தும்பிகளில் இரண்டும் நீளவாக்கில் கிடக்கும். ஊசித்தும்பியில் முக்கோணமே இராது, நாற்பக்க அறை இருக்கும். நான்கு செட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே வடிவாக இருக்கும். ஆக, உடலில்லாமல், தலையில்லாமல், பெருவிரல் அளவு செட்டைத்துண்டு கிடைத்தாலும், அதில் முக்கோணம் அகப்பட்டால் குடும்பம் வரை போய்விடலாம். தென்னிந்தியாவில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய எஃப். சி. ஃபிரேசர் 1933, 1934, 1936ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக எழுதிய தும்பி நூல் இலங்கையையும் சேர்த்தே பேசுகிறது. இன்று பறக்கும் தும்பிகளையும் கல்லில் கிடக்கும் தும்பிகளையும் ஒரே வகைப்பாட்டில் வைக்க அவர் கடைசிவரை உழைத்தார். அதற்கு அவர் கையிலிருந்த கருவி பெரும்பாலும் இந்த நரம்புதான். அவருடன் ஒத்துழைத்த டில்யார்ட் 1921இல் இமயமலைப் பகுதியிலிருந்து வந்த ஓர் இளம்பூச்சியை மட்டும் வைத்து எப்பியோஃப்லீபியா லைட்லாவி என்று பெயரிட்டார். யுராசிக் காலத்து உறவினரை நினைவூட்டும் அந்த இனம் இன்றும் உயிருடன் இருக்கிறது.

நரம்பில் இன்னொரு செய்தி உண்டு, போலியைப் பிடிப்பதற்கு அதுவே சிறந்த சாட்சி. தும்பியின் செட்டை தட்டையானதன்று. முன்னோர நரம்பு மேடு, அடுத்த நரம்பு பள்ளம், அதற்கடுத்தது மீண்டும் மேடு என்று மடிப்பு மடிப்பாக அமைந்தது. கல் பிளக்கும்போது ஒரு பாதியில் மேடாகத் தெரியும் நரம்பு மறுபாதியில் பள்ளமாகத் தெரிய வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். உண்மையான செட்டையில் நிழல்கள் மாறி மாறி விழும். தூரிகையால் வரைந்த நரம்பில் அப்படி விழாது. மை எல்லா நரம்பையும் ஒரே உயரத்தில் வைத்துவிடும்.

இதே சோதனை இலையையும் செட்டையையும் பிரித்துக் காட்டும். நமக்கு அது முக்கியம். ஏனென்றால் தப்போவயில் கிடைக்கும் குளோசொப்டெரிஸ் இலைக்கு வலைப்பின்னல் நரம்பு உண்டு. துண்டாகக் கிடைத்தால் அனுபவமற்ற கண்ணுக்குச் செட்டையாகத் தெரியலாம். இலையில் நடுநரம்பிலிருந்து பிரியும் நரம்புகள் சாய்ந்து ஓடி ஒன்றோடொன்று கூடிப் பிரிகின்றன. செங்குத்தான குறுக்கு நரம்புகள் இல்லை, மேடுபள்ள ஒழுங்கு இல்லை, கணு இல்லை. செட்டையில் இவை மூன்றும் உண்டு, ஓரத்தைச் சுற்றி ஒரு நரம்பும் உண்டு.

விற்பனைக்கு வரும் பெரிய தும்பிகளைப் பற்றி ஒரு சொல். பிரான்சின் கொமொந்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்ததை 1885இல் சார்ள்ஸ் புரொங்னியார் மெகநியூரா என்று பெயரிட்டார்; செட்டை விரிப்பு 65 சென்ரிமீற்றருக்கு மேல். இன்றைய தும்பிகளின் தூரத்து உறவினர் கூட்டம் அது. அக்கூட்டத்துக்கு முறையான கணுவும் கிடையாது, சிறகுப்பொட்டும் கிடையாது. நிலக்கரிக் காலம் என்று எழுதி, சிறகுப்பொட்டோடு ஒரு பெருந்தும்பியை எவராவது நீட்டினால், அங்கேயே கதை முடிந்தது.

இனிச் செய்து வைக்கப்பட்டவை. சந்தையில் கிடைக்கும் தும்பிகளில் பெரும்பாலானவை சீனாவின் லியாவ்னிங், பிரேசிலின் கிராட்டோ, ஜேர்மனியின் சோல்ன்ஹோஃபன் என்று பெயர் சொல்லி வருகின்றன. பிரேசிலில் 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயிர்ச்சுவடு அரசின் சொத்து. அங்கிருந்து அனுமதியின்றி ஜேர்மனிக்குப் போன உபிரஜாரா என்னும் டைனோசர் 2023இல் திருப்பி அனுப்பப்பட்டது. ஆகவே கிராட்டோத் தும்பி ஒன்று கடைக்கு வந்தால், உண்மையானதா என்ற கேள்வியோடு, அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்வியும் சேர்ந்தே எழ வேண்டும்.

முழுப்போலி குறைவு. உண்மையான துண்டொன்றில் கைவேலை சேர்ப்பதே அதிகம்: மங்கிய நரம்புக்கு மை தீட்டுவது, இல்லாத உடலைச் செதுக்குவது, வேறொரு கல்லிலிருந்து செட்டையை வெட்டி ஒட்டுவது. 2019இல் லியாவ்னிங்கிலிருந்து ஒரு பெரிய சிலந்தி புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. போல் செல்டனும் கூட்டாளிகளும் ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது மோசமாகப் பதிந்த நன்னீர்ச் சிங்க இறால். கால்கள் சில தூரிகையால் சேர்க்கப்பட்டவை. வண்ணமும் கல்லும் அந்த ஒளியில் வெவ்வேறு விதமாக ஒளிர்ந்தன. காசுத்தாளைச் சோதிக்கும் சிறு புறஊதா விளக்கே நமக்கு முதற்படிக்குப் போதும். இருட்டில் அதைப் பிடித்தால் பசையும் மெழுகும் பெரும்பாலும் கல்லிலிருந்து வேறுபட்டுத் தெரியும். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓர் ஓரத்தில் மட்டும் ஒற்றிப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் மை. நடுவில் ஒற்றவே கூடாது, உண்மையானதையும் கெடுத்துவிடுவீர்கள். கல்லில் வெடிப்பு ஓடினால் அது செட்டையையும் சேர்த்து உடைத்திருக்க வேண்டும். வெடிப்பின் மேலாக நரம்பு தடையின்றிப் போனால், வெடிப்புக்குப் பிறகு வரைந்தது. இடமும் வலமும் நரம்புக்கு நரம்பு அச்சாக ஒத்திருந்தாலும் நம்பாதீர்கள். உயிருள்ள தும்பியில்கூடச் சிறு குறுக்கு நரம்புகள் இரு பக்கமும் எண்ணிக்கையில் வேறுபடும்.

பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பால்டிக் அம்பருக்குள் ஓர் ஈ இருந்தது. பூச்சி வகைப்பாட்டின் மேதை வில்லி ஹென்னிக் அதை 1966இல் உண்மையென ஏற்று எழுதினார். 1993இல் அண்ட்ரூ ரொஸ் அதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கையில், விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு வெடிப்பு தோன்றியது. அம்பரை இரண்டாக அறுத்து, குடைந்து, இன்றைய ஈயை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஹென்னிக் ஈயை மிகச் சரியாகவே அடையாளம் கண்டிருந்தார். கல் பொய் சொன்னது.

மூன்றாவது சாட்சி இடம். பொருள் உண்மையாக இருந்து இடம் மட்டும் பொய்யானால் விளையும் கேடு எல்லாவற்றிலும் பெரிது. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் விஸ்வ ஜித் குப்தா இமயமலை உயிர்ச்சுவடுகளைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். அவுஸ்திரேலியப் புவிச்சரிதவியலாளர் ஜோன் டலன்ட் 1989இல் 'நேச்சர்' இதழில் அவற்றிலிருந்த மோசடியை அம்பலப்படுத்தினார். இமயமலையில் எடுத்ததாகச் சொல்லப்பட்டவற்றுள் நியூயோர்க் மாநிலத்து அம்ஸ்டெல் ஓடையின் நுண்பற்களை ஒத்தவையும், மொரோக்கோவின் அம்மொனைட்டுகளை ஒத்தவையும் இருந்தன. அவை போலிக் கற்களல்ல; எல்லாம் உண்மையான உயிர்ச்சுவடுகள். ஆனால் அவற்றை நம்பி இமயமலையின் வயதையும் அடுக்கையும் கணித்தவர்களின் உழைப்பு முழுவதும் பாழானது. குப்தாவின் கட்டுரைகளில் எது மெய் எது பொய் என்று பிரிப்பதற்கு எத்தனை பேருடைய வாழ்நாள் செலவானது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஏமாற்றும் எண்ணமே இல்லாமலும் தவறு நேரும். இந்தியாவின் பீம்பேட்கா குகைக் கூரையில் டிக்கின்சோனியா என்ற மிகத் தொன்மையான உயிரின் பதிவு இருப்பதாக 2021இல் அறிவித்தார்கள். ஜோசப் மீர்ட்டும் கூட்டாளிகளும் நேரில் போய்ப் பார்த்தார்கள். அது மலைத்தேனீக் கூடு ஒட்டியிருந்து உதிர்ந்த தடம்; மெழுகு உரிந்துகொண்டிருந்தது. 2023இல் திருத்தம் வெளியாயிற்று, முதலில் எழுதியவரும் ஏற்றுக்கொண்டார். கல்லின் உள்ளே இருப்பதா, கல்லின் மேல் ஒட்டியதா என்ற எளிய கேள்விதான் விடையைத் தந்தது.

கடைசியாக, இந்த மாவட்டத்து மாணவர்களிடம் எனக்குள்ள எதிர்பார்ப்பு. தப்போவயில் அறிஞர்கள் விவரித்து வந்தவை முதன்மையாகத் தாவரங்கள். அந்த இலைகளிலேயே தும்பியின் உறவினரைத் தேட வழியுண்டு. இன்றைய ஊசித்தும்பிகளும் ஏஷ்னாத் தும்பிகளும் செடியின் தசைக்குள் துளையிட்டு முட்டையிடுகின்றன. பன்டாலா நீரில் விட்டுச் செல்கிறது. பெர்மியன் காலத்திலும் அப்படித் துளையிட்டவை இருந்தன. இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் பிரேசிலிலும் எடுத்த குளோசொப்டெரிஸ் இலைகளில் அத்தழும்புகள் காணப்படுகின்றன, அவற்றைத் தும்பிகளின் மூதாதையர் கூட்டத்தோடு இணைத்துப் பேசுகிறார்கள். தழும்பு சில மில்லிமீற்றர் நீளம். இரு முனையும் கூர்ந்த வடிவம். பெரும்பாலும் நடுநரம்புக்கு இணையாக வரிசையாக நிற்கும். அதைச் சுற்றி ஒரு தடித்த விளிம்பு இருக்கும். உயிருள்ள இலை காயத்தை ஆற்ற முயன்றதன் அடையாளம் அந்த விளிம்பு. சுத்தியலோ உளியோ பட்ட கீறலுக்கு அந்த விளிம்பு வராது, செத்து விழுந்த இலையை அரித்த பூஞ்சைக்கும் வராது. செட்டையின்றியே, ஒரு தாய்ப்பூச்சி அந்த இலையில் உட்கார்ந்திருந்தது என்று சொல்லிவிட முடியும். உலகச் சந்தையில் நூறு டொலருக்கு வாங்கும் இடம்தெரியாத தும்பியைக் காட்டிலும், தப்போவ என்று எண்ணிட்ட மங்கலான இலைத்துண்டொன்றில் அத்தகைய நான்கு தழும்புகள் தெரிந்தால் அதை நான் மேலாக மதிப்பேன்.

ஆண்டிகமப் பக்கம் கிணறு வெட்டும்போதும், தப்போவயில் றோட்டு வேலைக்கு மண் எடுக்கும்போதும் அடுக்குக் களிக்கல் வெளியே வரும். கண்ணில் பட்டால் கழுவாதீர்கள். காய்ந்த களிக்கல் நீர் பட்டால் இதழிதழாக உதிரும். தேய்க்காதீர்கள், வாணிஷ் பூசாதீர்கள். இடத்தை விட்டு நகர்த்துமுன் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், தொலைபேசியில் இடக்குறியைப் பதியுங்கள், தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று கிணறு வெட்டுபவரிடமே கேட்டு எழுதுங்கள். பிளந்த இரு பாதிகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, தனித்தனியாகப் பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள். நிலத்துக்காரரின் சம்மதத்தோடு பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கோ கொழும்பு தேசிய நூதனசாலைக்கோ அறிவியுங்கள். மறுபாதியை எறிந்துவிட வேண்டாம். அழகான பாதியில் மேடாகத் தெரியும் நரம்பு உண்மையா என்று கேட்கும்போது, பள்ளமாகப் பதில் சொல்லப்போவது அந்த மறுபாதிதான்.